கெர்னலிலிருந்து பிடிரேஸை எடுத்துவிட முடியுமா?

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். ஒரு சின்ன நெட்வொர்க் கேட்வே பெட்டிக்கு லினக்ஸ் கெர்னல் பில்ட் செய்கிறீர்கள். மெனுகன்ஃபிக்கில், அதாவது கெர்னலில் எது வேண்டும் எது வேண்டாம் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில், கோர் டம்பை (ஓடும் நிரல், அதாவது பிராசஸ், விழும்போது அதன் மெமரியை ஃபைலாக எழுதுவதை) அணைக்க ஒரு தேர்வு இருக்கிறது. ஆனால் பிடிரேஸை, அதாவது ஒரு பிராசஸ் இன்னொரு பிராசஸைப் பிடித்து நிறுத்தி அதன் மெமரியையும் ரெஜிஸ்டர்களையும் பார்க்கவும் மாற்றவும் உதவும் அந்த சிஸ்டம் காலை (நிரல் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பை), அணைக்க வழியைக் காணோம். மேக்ஃபைலில் அந்த ஃபைலை எடுத்துவிட்டுப் பார்த்தீர்கள், லிங்க் ஆகும்போது உடைந்தது. இதை ஏன் விருப்பத் தேர்வாக வைக்கவில்லை, நாமே பேட்ச் எழுதினால் பயன் உண்டா என்பது கேள்வி.

இதற்குள் இரண்டு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. கெர்னல் சிறிதாக வேண்டுமா, அல்லது பெட்டிக்குள் யாராவது நுழைந்துவிட்டால் மற்ற பிராசஸ்களை அவர் நோண்டக் கூடாதா? நீங்கள் இரண்டையும் சொல்கிறீர்கள். ஆனால் இரண்டுக்கும் பதில் வெவ்வேறு. முதலாவதற்கு இதில் லாபம் மிகக் குறைவு. இரண்டாவதற்கு, சிஸ்டம் காலை நீக்குவதைவிட நீக்காமலேயே பூட்டுவது அதிகம் காக்கும். கேட்பதற்கு விசித்திரமாக இருக்கும், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் அனுபவம் பெரும்பாலும் ஆர்ம் போர்டுகளில் லினக்ஸ் ஏற்றும் வேலை. பிஎஸ்டி என்ற, யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளக் குடும்பத்தைப் பற்றி கீழே சொல்வது மேனுவலையும் சோர்ஸையும் படித்துத் தெரிந்துகொண்டது, அதை வைத்துப் பொருள் எதையும் விற்றதில்லை. லினக்ஸில் இன்ன காரணத்தால் இது நடக்கவில்லை என்று நான் சொல்லும் இடங்களில் என் ஊகமும் கலந்திருக்கும், அதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் கோர் டம்ப். அது விருப்பத் தேர்வானது 2012-ல், 3.7 பதிப்பில். கன்ஃபிக்_கோர்டம்ப் என்ற அந்தத் தேர்வு கன்ஃபிக்_எக்ஸ்பர்ட்டைப் போட்டால்தான் கண்ணில் படும். அதற்கு முன்பே எல்ஃப் கோர் என்று ஒரு தேர்வு இருந்தது, அது இப்போது இதற்குக் கீழே போய்விட்டது. அணைத்தால் கெர்னலில் மிச்சமாவது சுமார் 2.6 கிலோபைட் என்று அந்த பேட்சை எழுதியவரே குறிப்பில் சொல்லியிருந்தார். அதைவிட நமக்கு முக்கியமான இன்னொரு வரி அதே குறிப்பில் உண்டு: கோர் டம்ப் சார்ந்த சிஸ்கன்ட்ரோல்கள் (ஓடும் கெர்னலில் மாற்றக்கூடிய அமைப்புகள்) எல்லாம் போய்விடும், ஆனால் சூயிட்_டம்பபிள் மட்டும் இருக்கும், ஏனென்றால் பிடிரேஸுக்கு அது வேண்டும். ஒரு பிராசஸ் செத்துப்போகும்போது அதன் மெமரியை டிஸ்கில் எழுதலாமா என்று தீர்மானிக்கும் அதே கொடிதான், உயிரோடு இருக்கும்போது இன்னொருவர் அதைப் பிடித்துப் பார்க்கலாமா என்பதையும் தீர்மானிக்கிறது. எஸ்எஸ்எச் ஏஜென்ட் போன்றவை தொடங்கியதும் தங்களை 'டம்ப் ஆகாதவை' என்று குறித்துக்கொள்வது இதற்காகத்தான், கோர் ஃபைலுக்காக மட்டும் இல்லை. ஆக, ஒரு டீபக் வசதியை வெட்டப் போனாலே இன்னொன்றின் வேர் கையில் வருகிறது. கோர் டம்ப் வெட்டுவதற்குச் சுலபமானது. அதிலேயே இந்த நிலை.

பிடிரேஸ் அப்படித் தனியாக ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும் வசதி இல்லை. அது 1970-களின் யூனிக்ஸிலிருந்து வருகிறது. ஒரு பிராசஸைப் பிடிக்கும்போது, பிடித்தவர் கொஞ்ச நேரத்துக்கு அதன் தாய்ப் பிராசஸ் ஆகிவிடுகிறார். அந்தத் தத்தெடுப்பு ஏற்பாடு லினக்ஸின் அடிப்படை அமைப்பிலேயே பதிந்திருக்கிறது: டாஸ்க் ஸ்ட்ரக்சரில் 'பேரன்ட்' என்று ஒன்று, 'ரியல் பேரன்ட்' என்று இன்னொன்று. பிடிரேஸ் இல்லாத உலகில் இந்த இரண்டும் எப்போதும் ஒன்றே. இருக்கும் உலகில் வெயிட் என்ற சிஸ்டம் கால் இரண்டு பட்டியல்களைப் பார்க்க வேண்டும், தன் பிள்ளைகளையும் தான் பிடித்து வைத்திருப்பவர்களையும். எக்ஸிட் ஆகும்போது, பிடித்து வைத்திருப்பவர்களை விடுவித்து உண்மையான தாயிடம் ஒப்படைக்க வேண்டும். ஃபோர்க் ஆகும்போது, அதாவது பிராசஸ் ஒரு பிள்ளையை உண்டாக்கும்போது, புதுப்பிள்ளையையும் பிடிக்கலாமா என்று கேட்க வேண்டும். எக்ஸெக் ஆகும்போது, அதாவது பிராசஸ் புது நிரலை ஏற்றும்போது, அது சூயிட் ஃபைலாக (ஓட்டுபவரின் உரிமையில் இல்லாமல் ஃபைல் உரிமையாளரின் உரிமையில் ஓடுவதாக) இருந்து யாராவது பிடித்திருந்தால் உரிமையை உயர்த்தக் கூடாது. சிக்னல் வந்தால் முதலில் பிடித்திருப்பவருக்குக் காட்ட வேண்டும். சிஸ்டம் கால் நுழையும் இடத்திலும் வெளியேறும் இடத்திலும் ஒரு கொடியைப் பார்க்க வேண்டும். சிடிஆர்எல்-இசட் அழுத்தி நிறுத்தும் ஜாப் கன்ட்ரோலும், டீபக்கர் நிறுத்தும் நிறுத்தமும் ஒரே ஜாப்சிடிஎல் பிட்டுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. நீங்கள் ஒரே ஒரு ஃபைலை எடுத்தீர்கள், ஆனால் அதை அழைப்பவர்கள் ஃபோர்க்கிலும் எக்ஸிட்டிலும் சிக்னலிலும் இருக்கிறார்கள். லிங்கர் கத்தியது அதனால்தான்.

ஆர்க்கிடெக்சர் பக்கத்திலும் இதே கதை. ஆர்ம் கோப்புறைக்குள் பிடிரேஸ் என்ற பெயரிலேயே ஒரு ஃபைல் இருக்கும். பெயரைப் பார்த்து அதையும் தூக்கலாம் என்று தோன்றும், தூக்காதீர்கள். அதற்குள் ரெக்செட் என்று ஒரு அட்டவணை இருக்கிறது, ரெஜிஸ்டர்களை எந்த வரிசையில், எந்த வடிவில் வெளியே கொடுப்பது என்பதற்கான அட்டவணை. 2008 வாக்கில் ரோலண்ட் மெக்ராத் கொண்டுவந்த ஒழுங்கு அது, நல்ல வேலை. கோர் டம்பும் ரெஜிஸ்டர்களை எழுத அதையேதான் பயன்படுத்துகிறது. அதனால் கோர் டம்ப் வேண்டும், பிடிரேஸ் வேண்டாம் என்றால் அந்த ஃபைலை நடுவில் பிளக்க வேண்டும்.

எல்லாவற்றையும்விடச் சிக்கலானது பிடிரேஸ்_மே_அக்சஸ் என்ற ஃபங்ஷன். பெயரில்தான் பிடிரேஸ். உண்மையில் அது 'இந்தப் பிராசஸ் அந்தப் பிராசஸின் உள்ளே பார்க்கலாமா' என்று தீர்மானிக்கும் பொதுக் காவல். ப்ராக் அடைவில் (ஓடும் பிராசஸ்களைக் கெர்னல் ஃபைல்களாகக் காட்டும் இடத்தில்) ஒரு பிராசஸின் மெமரி வரைபடம், அதன் என்விரான்மென்ட், அதன் மெமரியே ஃபைலாகத் தெரியும் மெம் ஃபைல் ஆகியவற்றைத் திறக்கும்போது கெர்னல் இதைத்தான் கேட்கிறது. இன்னொரு பிராசஸின் மெமரியை நேராகப் படிக்கும் ப்ராசஸ்_விஎம்_ரீட்வி, 5.6-ல் வந்த பிட்எஃப்டி_கெட்எஃப்டி, இரண்டு பிராசஸ்களின் வளங்களை ஒப்பிடும் கேசிஎம்பி, வேகம் அளக்கும் பெர்ஃப் எல்லாம் இதே காவலரிடம்தான் அனுமதி கேட்கின்றன. பிடிரேஸ் சிஸ்டம் காலை நீக்கினாலும் இந்த ஃபங்ஷனை நீக்க முடியாது. நீக்கி, எப்போதும் 'சரி' என்று சொல்லும் பொம்மை ஃபங்ஷனை வைத்தால் பெட்டி முழுக்கத் திறந்துவிடும். எப்போதும் 'முடியாது' என்று சொல்ல வைத்தால் ப்ராக் அடைவைப் படிக்கும் பாதிக் கருவிகள் வேலை செய்யாது. இணையத்தில் அங்கங்கே கிடக்கும் 'பிடிரேஸ் நீக்கிய' சின்ன பேட்சுகளில் நான் முதலில் தேடிப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

இதைச் சுத்தமாகச் செய்ய ஒரு முயற்சி நடக்காமல் இல்லை. அதே மெக்ராத் ரெட் ஹேட்டில் இருந்தபோது யூட்ரேஸ் என்று ஒரு அடுக்கை எழுதினார். பிராசஸ்களைக் கவனிக்கும் கொக்கிகள் கெர்னலின் நடுவில் பொதுவாக இருக்கும், அவற்றின் மேல் பிடிரேஸ் ஒரு பயனாளர் மட்டுமே, வேறு டீபக் இடைமுகங்களும் பக்கத்தில் வரலாம். 2007 வாக்கில் வந்த அந்த பேட்ச் வரிசையில் பிடிரேஸுக்கே ஒரு கன்ஃபிக் தேர்வு இருந்தது, 'பழைய பிடிரேஸ் இடைமுகம்' என்ற பொருளில். நீங்கள் கேட்பது அப்படியே அதுதான். அதன் ஒரு பகுதி, டிரேஸ்ஹுக் என்ற தலைப்பு ஃபைல், 2.6.27-ல் சேர்ந்தது. யூட்ரேஸ் முழுதாகச் சேரவே இல்லை. ஃபெடோரா, ரெட் ஹேட் கெர்னல்களில் மட்டும் தனி பேட்சாகக் கொஞ்ச காலம் இருந்தது. மையக் கெர்னலுக்கு அதைக் கொண்டுவர நடந்த பேச்சுகளில் லினஸ் டோர்வால்ட்ஸுக்கே அது பிடிக்கவில்லை. கடைசியில் 2022-ல், 5.18 பதிப்பில், அந்த டிரேஸ்ஹுக் ஃபைலையும் எடுத்துவிட்டார்கள். ஏன் தோற்றது? பயனாளர் ஒருவரே இருக்கும்போது அவருக்கும் கெர்னலுக்கும் நடுவில் ஒரு பொது அடுக்கை வைப்பதை மையக் கெர்னல்காரர்கள் விரும்புவதில்லை என்பது என் கணிப்பு. இன்றும் கெர்னல் கோப்புறையின் மேக்ஃபைலில் பிடிரேஸ் நிபந்தனை எதுவும் இல்லாமல், ஃபோர்க், எக்ஸிட், சிக்னல் ஆகியவற்றோடு ஒரே வரிசையில் நிற்கிறது.

பிஎஸ்டி பக்கம் போனால் நிலைமை வேறு. ஓபன்பிஎஸ்டியில் பிடிரேஸ் ஒரு கெர்னல் ஆப்ஷன், ஜெனரிக் கன்ஃபிக்கில் போட்டே வருகிறது, எடுத்துவிட்டும் பில்ட் செய்யலாம். நெட்பிஎஸ்டி இன்னும் ஒரு படி மேலே. சிஸ்டம் காலின் உடலையும் கெர்னலின் நடுவில் இருக்க வேண்டிய கொக்கிகளையும் இரண்டு ஆப்ஷன்களாகப் பிரித்து, உடலை வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் மாட்யூலாக ஆக்கியிருக்கிறார்கள். கொக்கிகள் இருக்கும், ஆள் வந்தால் மாட்டிக்கொள்ளலாம். கோட்பாட்டளவில் யூட்ரேஸ் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆனால் நெட்பிஎஸ்டியில் கெர்னலும் பயனர் கருவிகளும் ஒரே மரத்தில், ஒரே குழுவின் கையில் இருக்கின்றன. எதை நீக்கினால் எது உடையும் என்று அவர்களால் எண்ணிப் பார்க்க முடியும். லினக்ஸில் அதை எண்ண யாராலும் முடியாது. ஃப்ரீபிஎஸ்டி பில்ட் நேரத்தில் நீக்குவதை விட்டுவிட்டு, சாதாரணப் பயனர்களுக்கு டீபக் வசதி கூடாது என்று ஒரு சிஸ்கன்ட்ரோல் வைத்திருக்கிறது, இன்ஸ்டாலரிலேயே அதைக் கேட்பார்கள். ஓபன்பிஎஸ்டியும் ஆப்ஷனோடு நிற்காமல், சொந்தப் பிள்ளையைத் தவிர வேறு பிராசஸைப் பிடிக்கக் கூடாது என்பதை இயல்புநிலையாக்கி, அதைத் தளர்த்த ஒரு சிஸ்கன்ட்ரோல் வைத்திருக்கிறது. பில்டில் நீக்கும் வசதி இருப்பவர்களும் ஓடும்போது பூட்டும் வசதியை வைத்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

சரி, உங்கள் கேள்வியின் முதல் பாதி, அளவு. பிடிரேஸின் பொதுப் பகுதி சோர்ஸில் ஒன்றரை ஆயிரம் வரிக்குள்தான். கோர் டம்பை வெட்டியதில் கிடைத்த 2.6 கிலோபைட்டை நினைத்துக்கொண்டு அதே தரத்தில் எதிர்பாருங்கள், அதற்கு மேல் இல்லை. வேகமும் கூடாது. யாரும் பிடிக்காத பிராசஸுக்கு, சிஸ்டம் கால் நுழையும்போது பார்க்கும் கொடிகள் ஒரே சொல்லில் சேர்ந்திருக்கின்றன. செக்காம்ப் (சிஸ்டம் கால்களை வடிகட்டுவது), ஆடிட் (அவற்றைப் பதிவு செய்வது), பிடிரேஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சோதனைதான். பிடிரேஸை நீக்கினாலும் அந்தச் சோதனை அங்கேயேதான் இருக்கும். இடம் வேண்டுமென்றால் கால்சிம்ஸ், பெர்ஃப், யூப்ரோப், எஃப்டிரேஸ், தேவையில்லாத டிரைவர்கள், ஃபைல் சிஸ்டங்கள் என்று அங்கே போய்ப் பாருங்கள். பிரிண்ட்கேவைக்கூட அணைக்க ஒரு தேர்வு உண்டு, மேட் மெக்கால் 2003 வாக்கில் தொடங்கிய லினக்ஸ்-டைனி முயற்சியின் மிச்சம் அது. கெர்னல் தன் செய்தியை அச்சிடுவதையே விருப்பத் தேர்வாக்கியவர்கள், பிடிரேஸை விட்டுவைத்திருக்கிறார்கள் என்றால் லாபம் போதாது என்றுதான் பொருள். இதுவும் என் ஊகம்தான்.

இரண்டாம் பாதிக்கு, பாதுகாப்புக்கு, வருவோம். உங்கள் பயம் நியாயமானது. பிடிரேஸின் வரலாறு அப்படி. 2003 மார்ச்சில் வெளியான ஓட்டையில், கெர்னல் தானாகவே மாட்யூல் ஏற்ற ஒரு உதவிப் பிராசஸை உண்டாக்கும் அந்தச் சிறு இடைவெளியில் சாதாரணப் பயனர் அதைப் பிடித்து ரூட் (எல்லா உரிமையும் உள்ள பயனர்) ஆகலாம். 2.2, 2.4 இரண்டு வரிசைகளும் சிக்கின. அப்போது பிடிரேஸ் அழைப்பையே மறிக்கும் சின்னச் சின்ன மாட்யூல்களை எழுதி ஏற்றினார்கள் நிர்வாகிகள். உங்கள் யோசனையின் பழைய வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம். 2014-ல் ஆண்டி லுட்டோமிர்ஸ்கி கண்டது, 2019-ல் ஜான் ஹார்ன் கண்ட 'என்னைப் பிடி' அழைப்பின் ஓட்டை என்று பிறகும் வந்தன. இவற்றில் பிடிரேஸ் சிஸ்டம் கால் இல்லாத பெட்டி தப்பித்திருக்கும், அது உறுதி.

ஆனால் 2012-ல் வந்த இன்னொன்றைப் பாருங்கள். அது ப்ராக் அடைவின் மெம் ஃபைல் வழியாக வந்தது, பிடிரேஸ் அழைப்பே தேவையில்லை. 2016 அக்டோபரில் வந்த டர்ட்டி கவ் ஓட்டையைப் பயன்படுத்திய நிரல்களில் சில பிடிரேஸ் வழியாக எழுதின, சில பிராசஸ் தன்னுடைய மெம் ஃபைலையே திறந்து எழுதின. ஒரு வாசலை மூடினால் பக்கத்து வாசலில் வரலாம். வேடிக்கை என்னவென்றால், பேட்ச் வரும்வரை தற்காலிகத் தீர்வாக ரெட் ஹேட் கொடுத்தது ஒரு சிஸ்டம்டேப் ஸ்கிரிப்ட். ஒரு டீபக் வாசலை இன்னொரு டீபக் கருவியை வைத்து அடைத்தார்கள்.

அதனால் சிஸ்டம் காலை நீக்குவதைவிட காவலரிடமே போய்ப் பேசுவது நல்லது. யாமா என்ற சிறிய பாதுகாப்பு மாட்யூல் அதைத்தான் செய்கிறது. கீஸ் குக் எழுதியது, 2012-ல் 3.4-ல் சேர்ந்தது. அது பிடிரேஸ்_மே_அக்சஸ் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்துகொள்வதால், பிடிரேஸ் அழைப்பை மட்டும் இல்லாமல் அடுத்தவரின் மெம் ஃபைலைத் திறப்பதையும், ப்ராசஸ்_விஎம்_ரீட்வி போன்றவற்றையும் சேர்த்தே மறிக்கிறது. மேக்ஃபைலில் ஒரு வரியை எடுத்தால் மூடுவது ஒரு வாசல். யாமாவில் ஒரு எண்ணை மாற்றினால் மூடுவது பல வாசல்கள். உங்கள் கேள்விக்கு ஒரே வரியில் பதில் வேண்டுமென்றால் அது இதுதான்.

யாமாவின் பிடிரேஸ்_ஸ்கோப் என்ற அமைப்பில் நான்கு நிலைகள். 0 என்றால் பழைய பழக்கம், ஒரே பயனரின் பிராசஸ்கள் ஒன்றையொன்று பிடிக்கலாம். 1 என்றால் தன் வழிவந்த பிராசஸ்களை மட்டும். உபுண்டுவில் இயல்பாக இருப்பது இது. டீபக்கருக்குள்ளிருந்து நிரலைத் தொடங்கினால் ஓடும், ஏற்கனவே ஓடுவதைப் போய்ப் பிடித்தால் மறுக்கும். 2 என்றால் கேப்_சிஸ்_பிடிரேஸ் உரிமை உள்ளவர்கள் மட்டும். 3 என்றால் யாரும் கூடாது, ரூட்டும் சேர்த்து. 3 வைத்த பிறகு ரீபூட் செய்யாமல் குறைக்க முடியாது. உங்கள் பெட்டிக்கு பூட் ஸ்கிரிப்டின் ஆரம்பத்திலேயே 3 போட்டுவிடலாம்.

இதில் இரண்டு பொறிகள். கெர்னலில் யாமாவைச் சேர்த்தால் மட்டும் போதாது, எந்தெந்தப் பாதுகாப்பு மாட்யூல்கள் இயங்க வேண்டும் என்ற கன்ஃபிக்_எல்எஸ்எம் பட்டியலிலும் அதன் பெயர் இருக்க வேண்டும். போர்டு விற்பவர் கொடுக்கும் டெஃப்கன்ஃபிக்கில் (ஆயத்த கன்ஃபிக் ஃபைலில்) இந்தப் பட்டியல் பழையதாக இருப்பது வழக்கம். யாமா பில்ட் ஆகியிருக்கும், ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும். ப்ராக் அடைவில் அதன் அமைப்பு ஃபைல் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டாவது, ரூட்டைத் தடுப்பது யாமாவால் முடியும் என்பது ரூட் தன் மாட்யூலைக் கெர்னலில் ஏற்ற முடியாத பெட்டியில்தான் உண்மை. கையெழுத்திட்ட மாட்யூல்கள் மட்டும், கேஎக்ஸெக் (ஓடும் கெர்னலிலிருந்து நேராக வேறு கெர்னலுக்குத் தாவுவது) அணைத்தது, செக்யூர் பூட் இவை இல்லாமல் 3 போட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பெட்டியைக் கையில் வைத்திருப்பவர் ஃபர்ம்வேரைப் படிக்கக் கூடாது என்பது உங்கள் நோக்கமாக இருந்தால், அது பிடிரேஸின் வேலையே இல்லை. ஃபிளாஷ் சிப்பைக் கழற்றிப் படிப்பவருக்கு உங்கள் கெர்னல் கன்ஃபிக் ஒரு பொருட்டே இல்லை.

யாமா மூடாத ஒரு வாசல் உண்டு, பிராசஸ் தன் மெம் ஃபைலையே திறப்பது. தன்னைத் தானே பார்ப்பதைக் காவலர் தடுப்பதில்லை. அந்த ஃபைல் வழியாக எழுதினால், படிக்க மட்டும் என்று குறித்த பக்கத்தின் மேலும் எழுத முடியும், டீபக்கர் பிரேக்பாயின்ட் வைப்பதற்கான சலுகை அது. 2024-ல் வந்த 6.12-ல் இதற்கு ஒரு பில்ட் தேர்வு சேர்த்தார்கள்: எப்போதும் அனுமதி, உண்மையில் பிடித்திருக்கும் பிடிரேஸ்காரருக்கு மட்டும் அனுமதி, யாருக்கும் இல்லை என்று மூன்று. இயல்புநிலை பழையபடி அனுமதிப்பதுதான், நீங்கள்தான் மாற்ற வேண்டும். உங்கள் போர்டின் கெர்னல் 5-ஆம் வரிசை என்றால் இது இருக்காது. கூடவே கிராஸ் மெமரி அட்டாச், செக்பாயின்ட் ரீஸ்டோர், யூப்ரோப், பெர்ஃப் ஆகியவற்றையும் பில்டிலேயே அணைத்துவிடுங்கள். இவை உண்மையிலேயே விருப்பத் தேர்வுகள், கேட்வே பெட்டியில் யாரும் தேட மாட்டார்கள்.

நீக்குவதற்கு முன் யாருக்கு வலிக்கும் என்று யோசியுங்கள். ஜிடிபி, எஸ்டிரேஸ் இரண்டும் பொருளில் வேண்டாம் என்பீர்கள், சரி. ஆனால் பிடிரேஸைப் பயன்படுத்துபவர்கள் டீபக்கர்கள் மட்டும் இல்லை. ஆண்ட்ராய்டில் ஆப் விழுந்தால் டூம்ஸ்டோன் என்ற விபத்துக் குறிப்பை எழுதும் கிராஷ்_டம்ப், விழுந்த பிராசஸைப் பிடிரேஸால்தான் பிடிக்கிறது. அதனால்தான் ஆண்ட்ராய்டு பிடிரேஸை நீக்காமல் எஸ்இலினக்ஸ் விதிகளால் சுற்றி வளைத்திருக்கிறது. கூகுளின் விபத்து அறிக்கைக் கருவியான பிரேக்பேட், விழும் பிராசஸிலிருந்து ஒரு பிள்ளையை உண்டாக்கி அந்தப் பிள்ளையைத் தாயைப் பிடிக்க வைக்கிறது. யாமா 1-ல் இது நடக்காது, அதனால் 'இவர் என்னைப் பிடிக்கலாம்' என்று பிஆர்சிடிஎல் என்ற சிஸ்டம் கால் வழியாக முன்கூட்டியே சொல்லிவிடும். 3-ல் அதுவும் செல்லாது. டெஸ்ட் பில்டில், மெமரி கசிவைத் தேடும் லீக் சானிடைசர் போட்டிருந்தால் அதுவும் பிடிரேஸை நம்பித்தான் இருக்கிறது. கன்டெய்னர்கள் ஓடுமானால், டாக்கர் பிடிரேஸைத் தன் செக்காம்ப் வடிகட்டியில் முன்பு அடைத்திருந்தது. 4.8-க்கு முந்தைய கெர்னல்களில் பிடிரேஸை வைத்து செக்காம்பையே தாண்டலாம் என்பதால்தான். கெர்னல் சரியானதும் 19.03 பதிப்பிலிருந்து, 4.8-க்கு மேல் இருந்தால், திறந்துவிட்டார்கள்.

கோர் டம்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை, ஏனென்றால் நீங்கள் ஆர்லிமிட்_கோர் (கோர் ஃபைலின் அளவுக்கான வரம்பு) 0 போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். கோர் பேட்டர்ன் ஒரு பைப்பாக, அதாவது ஒரு நிரலுக்குக் கொடுக்கும் வகையாக அமைந்திருந்தால் அந்த வரம்பு செல்லாது. 0 என்றாலும் கெர்னல் அந்த நிரலை அழைத்து மெமரியைக் கொடுக்கும். மேனுவலிலேயே இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. கடவுச்சொல் தாங்கும் பிராசஸின் மெமரி எங்கேயும் எழுதப்படக் கூடாது என்றால் கன்ஃபிக்_கோர்டம்பை அணைப்பதுதான் நிச்சயமான வழி. அதை நான் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அணைத்த பிறகு, வாடிக்கையாளர் இடத்தில் வாரம் ஒரு முறை மட்டும் விழும் ஒரு டீமனை எப்படிப் பிடிப்பீர்கள்? நான் வேலை செய்த ஒரு இடத்தில் பொருளுக்கு ஒரு கெர்னல், டீபக்குக்கு ஒரு கெர்னல் என்று இரண்டு வைத்திருந்தார்கள். வாடிக்கையாளரிடம் வரும் கோளாறு டீபக் கெர்னலில் வரவே வராது. இரண்டின் நேரக்கணக்கும் மெமரி அமைப்பும் வேறு என்பதால் ரேஸ் கண்டிஷன் எல்லாம் ஒளிந்துகொள்ளும். அதற்குப் பிறகு நான் சொல்வது ஒரே கெர்னல்தான். பிடிரேஸ் உள்ளே இருக்கட்டும், பூட் ஆகும்போது 3 போடுங்கள், கையெழுத்திட்ட ஒரு டீபக் அனுமதி ஃபைல் இருந்தால் மட்டும் 3 போடும் அந்தப் படியைத் தாண்டிச் செல்லும்படி இனிட்டில் (பூட் ஆனதும் முதலில் ஓடும் நிரலில்) வைத்துக்கொள்ளுங்கள். அனுமதியை அந்த ஒரு பெட்டியின் சீரியல் எண்ணோடு கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒன்று கசிந்தால் எல்லாம் திறந்துவிடும்.

இவ்வளவுக்குப் பிறகும் பேட்ச் எழுத ஆசையென்றால், படிப்பதற்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை, எழுதுங்கள். ஆனால் ஃபைலை நீக்குவதில் தொடங்காதீர்கள். சிஸ்டம் கால் நுழையும் ஃபங்ஷனை மட்டும் ஒரு கன்ஃபிக்குக்குள் வைத்து, இல்லாத அழைப்புகளுக்கான சிஸ்_என்ஐ பட்டியலில் பிடிரேஸைச் சேருங்கள். அப்போது அழைப்பவருக்கு ஈநோசிஸ், அதாவது 'அப்படி ஒரு அழைப்பு இல்லை' என்ற பிழை, கிடைக்கும். 32-பிட் நிரல்களும் ஓடும் 64-பிட் கெர்னல் என்றால் அதற்கான கம்பாட் நுழைவும் தனியாக உண்டு, அதையும் சேருங்கள், மறந்தால் பின்கதவு திறந்தே இருக்கும். பிடிரேஸ்_மே_அக்சஸைத் தொடாமல் வேறு ஃபைலுக்கு மாற்றுங்கள். ரெக்செட்டை விட்டுவிடுங்கள். பேரன்ட், ரியல் பேரன்ட் இரண்டையும் முதல் சுற்றில் இணைக்க முயலாதீர்கள். யாரும் யாரையும் பிடிக்க முடியாத கெர்னலில் அவை எப்படியும் சமமாகவே இருக்கும், வெட்டாவிட்டாலும் கெடுதல் இல்லை. பில்ட் ஆனதும் சைஸ் கட்டளையால் பழைய விஎம்லினக்ஸையும் புதியதையும் ஒப்பிடுங்கள். பிறகு பெட்டியில் எஸ்டிரேஸ் ஓடவில்லை என்பதோடு நிறுத்தாமல், ரூட்டாக இருந்து வேறு ஒரு பிராசஸின் மெம் ஃபைலைத் திறந்து ஒரு பைட் எழுதிப் பாருங்கள். அது எழுதிவிட்டால் யாமா இன்னும் தூங்குகிறது, கன்ஃபிக்_எல்எஸ்எம் வரிக்குத் திரும்பிப் போங்கள்.